மூன்றில் ஒன்று எரியவில்லை: பழைய மாருதி 800-இல் மிஸ்ஸிங்கைப் பிடிப்பது எப்படி

அப்பா வாங்கிய 1994 மாடல் மாருதி 800 இன்னும் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. கார்புரேட்டர் வண்டி, நாலு கியர். சில வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் மிஸ் அடிக்க, அதாவது ஒரு சிலிண்டர் எரியாமல் குலுங்கி ஓட, ஆரம்பித்தது. ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். முதல் நடையில் பிளக் மாற்றினார்கள், அடுத்த நடையில் காயில் (பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட்டை உண்டாக்குவது), மூன்றாவது நடையில் கார்புரேட்டரை இறக்கி சர்வீஸ் செய்து ஏற்றினார்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் நன்றாக ஓடும். அடுத்த மழைக்குப் பழைய குலுக்கல் திரும்பிவிடும். கடைசியில் கோளாறு இருந்த இடம், காயிலின் கரன்ட்டை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி. உள்பக்கம் தலைமுடி கனத்தில் ஒரு கறுப்புக் கோடு. மாற்றிய சாமான் எதுவுமே கெட்டிருக்கவில்லை.

போன பணத்தைவிட எனக்கு உறுத்தியது வேறு. "மழையில் மட்டும் மிஸ் ஆகிறது" என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். பாதி விடை அந்த ஒரு வரியிலேயே இருந்தது. அதனால்தான் இதைச் சாமான் வரிசையில் எழுதாமல் அறிகுறி வரிசையில் எழுதுகிறேன். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும்: எந்த சிலிண்டர் எரியவில்லை, எந்த நேரத்தில் எரியவில்லை.

இங்கே சொல்வதெல்லாம் கார்புரேட்டர் வைத்த 800-ஐ மனதில் கொண்டு. அதே 796 சி.சி. இன்ஜின் போட்ட பழைய ஆம்னிக்கும் அப்படியே பொருந்தும். அம்பாசிடர், பத்மினி வைத்திருப்பவர்களுக்கும் தேடும் முறை இதுதான்; சிலிண்டர் எண்ணிக்கை, எரியும் வரிசை, அளவுகளை மட்டும் தங்கள் வண்டிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

இது நிஜமாகவே மிஸ்ஸிங்தானா?

800-இல் மூன்று சிலிண்டர். கிராங்க் இரண்டு சுற்று, அதாவது 720 டிகிரி சுற்றுவதற்குள் மூன்றும் ஒவ்வொரு முறை எரிய வேண்டும். 240 டிகிரிக்கு ஒரு வெடிப்பு. ஒன்று எரியாவிட்டால் அந்த இடைவெளி 480 டிகிரி ஆகிவிடுகிறது. நாலு சிலிண்டர் வண்டியில் ஒன்று போனால் கால் பங்கு பலம் போகும். இதில் மூன்றில் ஒரு பங்கே போய்விடும். ஸ்டீயரிங், கியர் லீவர், கண்ணாடி எல்லாம் சேர்ந்து ஆடுவது அதனால்தான்.

ஆனால் ஆட்டத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. இன்ஜின் மவுன்டிங் ரப்பர் பிய்ந்திருந்தாலும் இதே மாதிரி ஆடும். மூன்று சிலிண்டர் இன்ஜினுக்கு இயல்பிலேயே ஒரு உதறல் உண்டு. ரப்பர் போனால் அது நேராக பாடியில் இறங்கும். இரண்டையும் பிரித்துச் சொல்வது சைலன்சர்தான். வண்டியை ஐடிலில் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல்) விட்டு, சைலன்சர் வாயிலிருந்து ஒரு ஜாண் தள்ளி உள்ளங்கையைக் காட்டுங்கள். காற்று ஒரே சீராக அடித்தால் எல்லா சிலிண்டரும் எரிகிறது, மவுன்டிங்கைப் பாருங்கள். "புஸ் புஸ்... புஸ் புஸ்..." என்று நடுவில் ஒரு அடி விட்டு விட்டு வந்தால் மிஸ்ஸிங் உறுதி. ஒரு துண்டுச் செய்தித்தாளைப் பிடித்தும் பார்க்கலாம். மிஸ் ஆகும் கணத்தில் தாள் உள்பக்கம் இழுபடும்.

இன்னொன்று: கிளம்பும்போது மட்டும் வண்டி தடதடவென்று உதறி, கிளட்சை முழுதும் விட்டதும் சரியாகிவிட்டால் அது கிளட்ச் பிளேட் சமாச்சாரம். இன்ஜினைத் தொட வேண்டாம்.

காற்றின் தாளத்தையும் கவனியுங்கள். விடுபடும் அடி ஒரே ஒழுங்கில், கடிகாரம் மாதிரி வந்தால் கோளாறு ஒரு குறிப்பிட்ட சிலிண்டருக்குச் சொந்தமானது: அதன் பிளக், அதன் வயர், அதன் வால்வு, அதன் கம்ப்ரஷன் (உள்ளே காற்று அழுத்தப்படும் அளவு). ஒழுங்கே இல்லாமல், சில நொடி நன்றாக ஓடி, திடீரென்று இரண்டு அடி விட்டு, மறுபடி நன்றாக ஓடினால் மூன்றுக்கும் பொதுவான இடத்தில் தேட வேண்டும்: காயில், ரோட்டர் (டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் சுற்றும் துண்டு), பாயின்ட் (காயிலின் கரன்ட்டை விட்டு விட்டு வெட்டும் சுவிட்ச்), கண்டன்சர் (பாயின்ட் தீய்ந்துபோகாமல் காப்பது), பெட்ரோல், காற்றுக் கசிவு. இந்த ஒரு வித்தியாசம் தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும்.

ஐடிலில் ஒரே தாளத்தில் மிஸ் ஆகிறது

எந்த சிலிண்டர் என்று முதலில் கண்டுபிடிப்போம். டைமிங் பெல்ட் பக்கம் இருப்பது ஒன்றாம் நம்பர், கியர்பாக்ஸ் பக்கம் மூன்றாம் நம்பர். எரியும் வரிசை 1-3-2.

ஓடும் வண்டியில் பிளக் வயரைக் கையால் பிடுங்கிப் பார்ப்பது நம் ஊர் வழக்கம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த வயரில் பல ஆயிரம் வோல்ட் போகிறது. ஷாக் அடித்ததும் கை தானாகப் பின்னால் போகும், அங்கே ஃபேனும் பெல்ட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டியில் வயரை வெறுமனே தொங்கவிட்டால், போக வழியில்லாத கரன்ட் காயிலையோ மாட்யூலையோ துளைத்துவிடும். சரியான முறை இது. இன்ஜினை நிறுத்துங்கள். ஒரு வயரைக் கழற்றி, அதன் முனையில் ஒரு பழைய பிளக்கைச் சொருகி, அந்தப் பிளக்கின் இரும்பு உடம்பு இன்ஜின் இரும்பில் நன்றாகப் படும்படி கட்டி வையுங்கள். பெட்ரோல் ஹோஸுக்கும் கார்புரேட்டருக்கும் தள்ளி இருக்கட்டும். இப்போது ஸ்டார்ட் செய்யுங்கள்.

நன்றாக எரிந்துகொண்டிருந்த சிலிண்டரின் வயரைக் கழற்றியிருந்தால் ஐடில் இன்னும் தடுமாறும், ஏன், நின்றேகூடப் போகும். செத்துக் கிடந்த சிலிண்டரின் வயராக இருந்தால் எந்த மாற்றமும் தெரியாது. மூன்றிலும் இதைச் செய்தால் குற்றவாளி தெரிந்துவிடும். கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் (புகையைச் சுத்தம் செய்யும் பெட்டி) உள்ள வண்டியில் ஒவ்வொரு சோதனையையும் சில நொடியில் முடித்துக்கொள்ளுங்கள். சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா நான்கு நகரங்களிலும் 1995 ஏப்ரலிலிருந்து புது கார்களுக்கு அது கட்டாயமானது. எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்தால் உள்ளே இருக்கும் தேன்கூடு உருகிவிடும்.

இரண்டாம் நம்பர் செத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது எதையும் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். இரண்டின் பிளக்கை ஒன்றில் போடுங்கள், ஒன்றின் பிளக்கை இரண்டில் போடுங்கள். மிஸ் ஒன்றுக்கு இடம் மாறிவிட்டால் கோளாறு பிளக்கில். மாறவில்லையா? அதேபோல் பிளக் வயர்களை மாற்றிப் பாருங்கள், நீளம் எட்டினால். அதற்கும் மாறவில்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் இரண்டாம் நம்பர் முனையைப் பாருங்கள். அங்கேயும் சுத்தமாக இருந்தால் கரன்ட் பக்கம் வேலை முடிந்தது. கம்ப்ரஷன் பார்க்க வேண்டிய நேரம். இந்த மாற்றிப் போடும் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். பிளக்கையும் வயரையும் சேர்த்து மாற்றி வண்டி சரியாகிவிட்டால், எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது.

பிளக்கைக் கழற்றும்போது அதைப் படிக்கவும் பழகுங்கள். கழற்றும் வரிசையிலேயே ஒரு அட்டையில் 1, 2, 3 என்று எழுதி வையுங்கள். காபித்தூளில் பால் கலந்த மாதிரி வெளிர் பழுப்பு நிறம் இருந்தால் அந்த சிலிண்டர் ஆரோக்கியமாக எரிகிறது. காய்ந்த கரி மாதிரி கறுப்பு, விரலில் ஒட்டும் புகைக்கரி: பெட்ரோல் அதிகம், அல்லது பொறி பலவீனம். ஈரமாக, பெட்ரோல் வாசனையோடு இருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி வரவில்லை. ஈரமாக, ஆனால் பிசுபிசுவென்று ஆயில் ஒட்டினால் ரிங் அல்லது வால்வு சீல் போய்க்கொண்டிருக்கிறது. சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். மூன்றும் ஒரே மாதிரி நிறம் மாறியிருந்தால் கார்புரேட்டர் பக்கம் யோசியுங்கள். ஒன்று மட்டும் நிறம் மாறியிருந்தால் அந்த சிலிண்டரை யோசியுங்கள்.

பிளக் முனையில் பொறி தாண்டும் இடைவெளி, அதாவது கேப், 0.7 முதல் 0.8 மி.மீ. ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள், கண்ணளவில் விடாதீர்கள். பீங்கான் பகுதியில் பென்சில் கோடு மாதிரி மெல்லிய விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். கீழே விழுந்த பிளக்கைத் திரும்பப் போடாதீர்கள். வெளியே தெரியாத விரிசல் உள்ளே இருக்கும்.

பிளக்கோ வயரோ மாற்றிய கையோடு மிஸ் வந்தால், கூடவே கார்புரேட்டரில் "டப்" என்று எதிர்வெடி கேட்டால், இரண்டு வயர் இடம் மாறியிருக்கிறது. ரோட்டர் சுற்றும் திசையில் மூடியைச் சுற்றி 1-3-2 வருகிறதா என்று விரல் வைத்து எண்ணுங்கள். என் அனுபவத்தில் சர்வீஸிலிருந்து வந்த அன்றே வரும் மிஸ்ஸிங்கில் பெரும்பாலானவை இதுதான்.

மழையில், பனிக்காலைகளில் மட்டும்

இது எனக்கு வந்த கோளாறு என்பதால் இதன்மேல் தனிப் பிரியம். ஈரம் என்றாலே உயர் அழுத்தக் கரன்ட் கசிகிறது என்று பொருள். கரன்ட் பிளக்கின் கேப்பைத் தாண்டிக் குதிக்க வேண்டும். அதைவிடச் சுலபமான வழி ஒன்று கிடைத்தால் அந்த வழியாகவே போய்விடும். தூசியும் ஆயிலும் படிந்த வயரின் மேல் ஈரம் சேர்ந்தால் அது ஒரு வழி. மூடியின் உள்சுவரில் இருக்கும் கறுப்புக் கோடு இன்னொரு வழி.

இருட்டும்வரை காத்திருங்கள். வெளியிடத்தில் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, தெருவிளக்கு படாத பக்கம் திருப்பி, ஐடிலில் விடுங்கள். மூடிய ஷெட்டில் செய்ய வேண்டாம்; புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. கண் இருட்டுக்குப் பழகியதும் வயர்களைப் பாருங்கள். கசிவு இருந்தால் நீலநிறத்தில் மின்மினி மாதிரி மினுக்கும். எதுவும் தெரியவில்லை என்றால் துணிக்கு இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை எடுத்து, பனித்துளி மாதிரி லேசாக ஒவ்வொரு வயராக, பிறகு மூடியின்மேல், பிறகு காயிலின் வாயில் தெளியுங்கள். எந்த இடத்தில் தெளித்ததும் இன்ஜின் தடுமாறுகிறதோ அதுதான் இடம். தெளிக்கும் கை எதையும் தொடக்கூடாது.

என் வண்டியில் வயர்மேல் தெளித்தபோது ஒன்றும் ஆகவில்லை. மூடியின்மேல் தெளித்த மறுநொடி குலுங்கியது. கழற்றிப் பார்த்தால் உள்ளே நடு முனையிலிருந்து இரண்டாம் நம்பர் முனைக்கு அந்தக் கோடு. எரிந்து கரியான பிளாஸ்டிக் அது. கரி கரன்ட்டைக் கடத்தும். பிளேடால் சுரண்டினால் இரண்டு வாரம் ஓடும், அதற்குப் பிறகு அதே தடத்தில் மறுபடி வரும். மூடியை மாற்றுவதுதான் தீர்வு. ரோட்டரையும் கூடவே மாற்றிவிடுங்கள். மூடியின் நடுவில் ஸ்பிரிங்கோடு ஒரு சின்ன கார்பன் துண்டு இருக்கும். அது உடைந்தோ உள்ளே ஒட்டிக்கொண்டோ இருந்தால் மூன்று சிலிண்டரும் ஒழுங்கில்லாமல் மிஸ் ஆகும். முனைகளில் படிந்த வெள்ளைப் பொடியைத் துணியால் துடைக்கலாம். எமரி பேப்பர் போட்டுத் தேய்த்தால் உலோகம் தேய்ந்து இடைவெளி கூடும். பளபளப்பாகத் தெரியும், பொறி பலவீனமாகும்.

வயர்களை மல்டிமீட்டரில் பாருங்கள். கார்பன் வயர் என்றால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 10 முதல் 22 கிலோ ஓம் வரை இருக்கலாம். அளக்கும்போது வயரை மெல்ல வளைத்துப் பாருங்கள். வளைக்கும்போது எண் ஓடினால் உள்ளே அறுந்திருக்கிறது. ஒன்று போனால் மற்றவையும் அதே வயதுதான் என்பதால் செட்டாக மாற்றுவதே நல்லது.

ஏற்றத்தில், ஆள் ஏறினால், ஆக்ஸிலேட்டரை அழுத்தினால்

மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறு வரை வண்டி வெண்ணெயாகப் போகும். குன்னூர் ஏற்றம் ஆரம்பித்ததும் மூன்றாவது கியரில் வெட்டி வெட்டி இழுக்கும். சமதளத்துக்கு வந்தால் மறுபடி ஒன்றும் இல்லை. பழைய வண்டிகளில் எனக்கு மிக அதிகம் காதில் விழும் புகார் இது. இங்கேதான் பொறியா, பெட்ரோலா என்று பிரிக்கத் தெரிய வேண்டும்.

ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் நிறைய நுழைகின்றன, அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடக்கூட, அதே கேப்பைத் தாண்ட இன்னும் அதிக வோல்ட் தேவை. ஐடிலில் எப்படியோ சமாளித்துவந்த களைத்த காயிலும், தேய்ந்து 1 மி.மீ.-க்கு மேல் போய்விட்ட பிளக் கேப்பும் இங்கே தோற்றுப்போகும். அப்படித் தோற்பது சுவிட்சைப் போட்டு அணைத்த மாதிரி, வெட்டென்று இருக்கும். முதுகில் யாரோ தட்டுவது போல உணர்வீர்கள்.

பெட்ரோல் போதாமல் வரும் மிஸ் வேறு மாதிரி. வண்டி மூச்சு வாங்கும். பலம் மெல்ல வடியும், ஆக்ஸிலேட்டரைத் தளர்த்திச் சில நொடி விட்டால் தெளிந்து, மறுபடி அழுத்தினால் சிறிது நேரம் கழித்து மீண்டும் வடியும். கார்புரேட்டரின் கிண்ணம் காலியாவதற்கு ஆகும் நேரம் அது.

சந்தேகம் தீர ஒரு நல்ல சோதனை உண்டு. போக்குவரத்து இல்லாத ரோட்டில், மிஸ் ஆகிக்கொண்டிருக்கும்போதே சோக்கை (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் பிடி) கால்வாசி இழுத்துப் பாருங்கள். உடனே தெளிந்தால் பெட்ரோல் போதவில்லை, அல்லது எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. இன்னும் மோசமானாலோ மாற்றமே இல்லாவிட்டாலோ பொறியைத் தேடுங்கள். காசில்லாமல் இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சோதனை கார்புரேட்டர் வண்டியில் வேறு இல்லை.

பொறி என்று முடிவானால் புது பிளக், சரியான கேப், அதற்குப் பிறகும் தொடர்ந்தால் காயில். பாயின்ட் உள்ள வண்டி என்றால் காயிலுக்கு முன்னால் பாயின்ட்டைத் திறந்து பாருங்கள். 0.4 முதல் 0.5 மி.மீ. திறக்க வேண்டும். இரண்டு முகமும் சாம்பல் நிறத்தில் சமமாக இருந்தால் நலம். ஒன்றில் குழி விழுந்து மற்றதில் மேடு தட்டியிருந்தால் கண்டன்சர் சரியில்லை; பாயின்ட்டை மட்டும் மாற்றினால் புதிதும் அதே கதிக்கு ஆளாகும்.

பெட்ரோல் என்று முடிவானால் மலிவானதிலிருந்து ஆரம்பியுங்கள். பெட்ரோல் டேங்க் மூடியை லேசாகத் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். அதில் சரியானால் டேங்க்கின் காற்றுவழி அடைத்திருக்கிறது. அடுத்து ஃபில்டர். அது கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக். உள்ளே செம்மண் நிறம் தெரிந்தால் டேங்க் துருப்பிடித்திருக்கிறது, கறுப்புத் துணுக்குகள் தெரிந்தால் ஹோஸ் உள்ளே உரிகிறது. பிறகு பம்ப். கேம் ஷாஃப்ட் அசைவில் ஓடும் டயஃப்ரம் பம்ப் இது. டயஃப்ரம் ஓட்டையானால் பெட்ரோல் ஆயிலுக்குள் இறங்கும். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை தூக்கினால், அளவும் கூடியிருந்தால், அந்த ஆயிலோடு வண்டியை ஓட்டாதீர்கள். மிஸ்ஸிங்கோடு பல நாள் ஓட்டினாலும் இதே வாசனை வரும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்குவதால்.

இந்த இடத்தில் எத்தனால் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. இன்று பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். கலவையில் எத்தனால் சேரச்சேர அதே காற்றுக்கு இன்னும் அதிகம் எரிபொருள் ஊற்ற வேண்டும். கம்ப்யூட்டர் உள்ள வண்டி அதைத் தானே சரிசெய்துகொள்ளும். 1994-இல் துளையிட்ட ஜெட்டுக்கு (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை) அது தெரியாது. அளந்த அளவையே ஊற்றும். அதனால் ஏற்கெனவே கொஞ்சம் காற்று அதிகமாக ஓடிய வண்டி இப்போது எல்லையைத் தாண்டி மிஸ் அடிக்கிறது. ஐடில் மிக்ஸ்சர் ஸ்குரூவைக் கொஞ்சம் திறந்து சரிக்கட்டலாம், ஐடிலுக்கு மட்டும். எத்தனால் பழைய ரப்பரை ஊதவைத்து மெத்தென்று ஆக்கிவிடும், தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் வண்டி என்றால் டேங்க் அடியில் தண்ணீர் தேங்கும். எத்தனால் தாங்கும் ஹோஸாகக் கேட்டு வாங்கி, டேங்க்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லாத் துண்டையும் மாற்றிவிடுங்கள். சூடான சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் விரிந்த ஹோஸ் ஓடுவது மிஸ்ஸிங்கைவிடப் பெரிய ஆபத்து.

ஐடிலில் மட்டும் தடுமாற்றம், வேகத்தில் சரி

காற்றுக் கசிவு. இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட், கார்புரேட்டருக்கு அடியில் உள்ள தடித்த இன்சுலேட்டர், வேக்குவம் ஹோஸ்கள் இவற்றில் ஒன்று. ஐடிலில் உள்ளே போகும் காற்றே கொஞ்சம்தான் என்பதால் சின்ன ஓட்டையும் பெரிதாகத் தெரியும். வேகத்தில் அது காணாமல் போய்விடும். காதுக்கு "ஸ்ஸ்" என்று கேட்கும். ஒரு சின்ன ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை ஒவ்வொரு மூட்டாகக் காட்டினால் இடம் சிக்கும். கார்ப் கிளீனர் ஸ்பிரே அடித்து இன்ஜின் வேகம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். வேலை செய்யும், ஆனால் தீப்பிடிக்கும் சரக்கு அது. பிளக் வயரில் கசிவு இல்லை என்று உறுதியான பிறகே, குளிர்ந்த இன்ஜினில், தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். எனக்கு ரப்பர் குழாயே போதும்.

கசிவு இல்லை என்றால் கார்புரேட்டரின் ஐடில் வழியில் அடைப்பு. கார்புரேட்டரில் ஒரு சோலனாய்டு இருக்கும். சாவியைப் போட்டதும் "டிக்" என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் அதன் வயரைப் பாருங்கள், கழன்றிருக்கலாம். அது வேலை செய்யாவிட்டால் வண்டி ஆக்ஸிலேட்டரை மிதித்தால் மட்டும் ஓடும். ஐடில் ஜெட்டைக் காற்றால் ஊதுங்கள், கம்பி விட்டுக் குடையாதீர்கள். ஒரு கீறல் விழுந்தால் அளவு மாறிவிடும்.

சூடான பிறகு மட்டும்

காலையில் எந்தக் குறையும் இருக்காது. அரை மணி ஓடி, நெரிசலில் நின்றதும் மிஸ் ஆரம்பிக்கும். அணைத்து, டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி ஓடும். காயிலுக்குள் இருக்கும் மெல்லிய கம்பிச்சுற்று சூட்டில் விரிந்து விட்டுப்போகிறது, அல்லது கண்டன்சர், அல்லது எலக்ட்ரானிக் வண்டியில் பிக்கப் காயில். குளிர்ந்த நிலையில் அளந்தால் எல்லாமே சரியாகக் காட்டும். ஒர்க்‌ஷாப்பில் "ஒன்றும் இல்லையே" என்று திருப்பி அனுப்புவது இந்தக் கோளாறைத்தான். மிஸ் ஆகும் அந்தச் சூட்டிலேயே அளக்க வேண்டும். அல்லது ஹேர் டிரையரால் காயிலை மட்டும் சூடாக்கிப் பாருங்கள், வந்தால் அதுதான். மற்றவற்றையும் இதேபோல் ஒவ்வொன்றாக.

மே மாத வெயிலில் பெட்ரோல் குழாயில் ஆவி கட்டுவதும் இதே நேரத்தில்தான் வரும். பம்ப்பின்மேல் ஈரத்துணி போட்டு ஐந்து நிமிடத்தில் சரியானால் ஆவி. பெட்ரோல் குழாய் இன்ஜின் சூட்டுக்கு மிக அருகில் ஓடுகிறதா, அதைப் பிடித்துவைக்கும் கிளிப் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள்.

நல்ல வேகத்தில் மட்டும்

அறுபது, எழுபதுக்கு மேல் போனால் வெட்டுகிறது. ஃபில்டர், பம்ப், மெயின் ஜெட். ஏற்றத்துக்குச் சொன்ன அதே பெட்ரோல் வரிசை. பாயின்ட் வண்டியில் பாயின்ட்டின் ஸ்பிரிங் தளர்ந்தாலும் வேகத்தில் ஒழுங்காக மூடாமல் துள்ளும். பாயின்ட் செட் மாற்ற வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரின் பேஸ் பிளேட்டோடு போகும் சின்ன வயர் பிய்ந்து நூலில் தொங்கிக்கொண்டிருப்பதும் உண்டு. வேக்குவம் அட்வான்ஸ் (இன்ஜினின் உறிஞ்சலால் பொறியின் நேரத்தை முன்னே தள்ளும் அமைப்பு) வேலை செய்யும்போது பிளேட் நகரும், வயர் இழுபடும், கரன்ட் விட்டுவிடும். அதன் ஹோஸைக் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள்: பிளேட் நகர வேண்டும், நாக்கால் அடைத்தால் அந்த நிலையிலேயே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அதன் டயஃப்ரம் ஓட்டை.

எல்லாம் பார்த்தாயிற்று, அந்த சிலிண்டர் இன்னும் எரியவில்லை

கம்ப்ரஷன் பாருங்கள். இன்ஜின் ஓடிய சூட்டில், மூன்று பிளக்கையும் கழற்றி, காயிலின் இணைப்பை எடுத்துவிட்டு, பிளக் துளை ஒவ்வொன்றிலும் கம்ப்ரஷன் கேஜை வைத்து, ஒருவர் ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்துப் பிடித்திருக்க, ஐந்தாறு அடி கிராங்க் செய்யுங்கள். மூன்று எண்களையும் எழுதுங்கள். மொத்தமாக எவ்வளவு என்பதைவிட மூன்றும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்பதே முக்கியம். ஒன்று மற்ற இரண்டைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அங்கேதான் நோய்.

குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். எண் நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங். ஏறவில்லை என்றால் வால்வு அல்லது கேஸ்கெட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைவதும், காலையில் வெள்ளைப் புகை வருவதும், கூலன்ட்டில் குமிழி வருவதும் அதை உறுதிசெய்யும். மூன்றும் ஒரே மாதிரி குறைந்து, வண்டி பெல்ட் வேலைக்குப் போய்வந்த பிறகே இழுவை போயிற்று என்றால் டைமிங் பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருக்கிறது. அது ஹெட்டை இறக்கும் வேலை அல்ல, பயப்படாதீர்கள்.

வால்வு என்று வந்தாலும் ஹெட்டை உடனே இறக்கச் சொல்லாதீர்கள். முதலில் டேப்பட் கேப் (வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவில் உள்ள இடைவெளி) பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸாஸ்ட் வால்வு வருடக்கணக்கில் சீட்டில் அமுங்கி அமுங்கிக் கேப் இல்லாமலே போய்விடும். வால்வு முழுதாக மூடாது, ஐடிலில் மிஸ் ஆகும். இப்படிப்பட்ட டேப்பட் சத்தமே போடாது. "டேப்பட் சத்தம் இல்லை, நல்லாதான் இருக்கு" என்று பெருமைப்படும் வண்டிகளில்தான் இது ஒளிந்திருக்கிறது. கேப் சரியாக வைத்ததும் கம்ப்ரஷன் திரும்பினால் உங்களுக்கு ஹெட் வேலைச் செலவு மிச்சம். அப்படியே ரொம்ப நாள் விட்டால் வால்வின் விளிம்பு எரிந்துவிடும், பிறகு தப்பிக்க வழியில்லை.

2000-க்குப் பிறகு வந்த எம்.பி.எஃப்.ஐ. 800 (கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து பீச்சும் வண்டி) வைத்திருப்பவர்களுக்கு: கார்புரேட்டர் பற்றிச் சொன்னதை விட்டுவிடுங்கள், மற்றது பெரும்பாலும் அப்படியே. செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் போட்டுக் கோளாறு எண்ணைப் (code) படியுங்கள். அந்த எண் சொல்வது எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதை மட்டும்தான். எந்தச் சாமானை வாங்க வேண்டும் என்பதை அல்ல.

வேலை முடித்துப் பிளக்கைத் திரும்பப் போடும்போது ஒரு வேண்டுகோள். ஹெட் அலுமினியம், பிளக் இரும்பு. ஸ்பேனர் போடாமல் முதலில் விரலால், முடிந்தால் ஒரு ரப்பர் குழாயில் பிளக்கின் தலையைச் சொருகி, கடைசி மரை வரை சுற்றுங்கள். மரை தப்பாக ஏறினால் குழாய் வழுக்கிவிடும், ஹெட் பிழைக்கும். புது வாஷரோடு இருந்தால் உட்கார்ந்த பிறகு அரைச் சுற்று இறுக்கினால் போதும். பிறகு ஸ்டார்ட் செய்து, சைலன்சர் பக்கம் போய், கையைக் காட்டுங்கள்.